மெரூன் நூல்

நவம்பர் 25, திங்கள்

காலையிலிருந்து ஒரே பனிமூட்டம். ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கும் கோயில் மணிக்கூண்டு கூடக் கண்ணில் படவில்லை. துவைத்த துணி மூன்று நாளாகச் சமையலறைக்குள் கொடியில் தொங்கிக்கொண்டு சாம்பார் வாசனை பிடித்திருக்கிறது.

கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் போகும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு உல்லன் குல்லாய் பின்னுகிறேன், பாதி முடிந்தது. பிரசங்க பீடத்தின் மேல் போடும் விரிப்புக்கு கிராஸ் ஸ்டிச்சில் ஓர் ஆட்டுக்குட்டியும் நட்சத்திரமும் போட வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு இப்போதைக்கு நாலு கால் மட்டும் இருக்கிறது, உடம்பு வரவில்லை.

இரண்டுக்கும் நான் சம்மதம் சொன்னதாக ஞாபகம் இல்லை. அக்டோபரில் பெண்கள் ஐக்கியக் கூட்டம் எங்கள் கூடத்தில் நடந்தபோது நான் உள்ளே டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். தட்டோடு வெளியே வந்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். செயலாளர் பியூலா அக்கா 'ஆயரம்மா செய்கிறார்கள்' என்று மினிட்ஸ் நோட்டில் எழுதியே முடித்திருந்தார். குருமனையில் குடியிருப்பவளிடம் கேட்டுச் செய்யும் வழக்கம் கிடையாது. வீடு சபையுடையது, நாற்காலி சபையுடையது, ஆயரின் மனைவியும் அதே கணக்கில் சேர்த்திதான்.

நவம்பர் 27, புதன்

நான் கடைக்குப் போயிருந்தபோது ஹெலன் வீட்டு போனில் கூப்பிட்டாளாம். இவர் எடுத்திருக்கிறார். "உன் சிநேகிதி கூப்பிட்டாங்க. அப்புறம் பேசறேன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

சாயங்காலம் மேட்டுக்கு ஏறி, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அவளைக் கூப்பிட்டேன். ஹெலன் என்னோடு படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு பாளையங்கோட்டையில் நான் அறிவியல் டீச்சராக இருந்த பெண்கள் பள்ளிக்கு இப்போது அவள்தான் தலைமை ஆசிரியை. ஜனவரியிலிருந்து ஓர் இடம் காலியாம். டிசம்பர் 20 வெள்ளிக்கிழமை தாளாளர் வருகிறார், அன்றைக்கு நேரில் வந்து நின்றால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் வேறொரு பெண் காத்திருக்கிறாள் என்றாள். "சுகிர்தா, வருவியா மாட்டியா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டாள். என் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று அங்கேயே நின்று யோசித்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இவரிடம் வேலையைப் பற்றிச் சொல்லவில்லை. இந்தக் கிறிஸ்மஸுக்குக் கிருபை அக்கா வீட்டுக்குப் போகிறேன், பத்தொன்பதாம் தேதி கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கையில இருக்கற வேலைய முடிச்சுட்டுப் போயேன்" என்றார். நியாயம்தான்.

ஏப்ரலிலும் இப்படித்தான் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் என்று போய் ஜூன் வரை இருந்துவிட்டேன். அக்காவுக்கு முழங்கால் வலி. சபையில் அப்படித்தான் சொன்னோம்.

நவம்பர் 30, சனி

இவர் கோயம்புத்தூர் கூட்டத்துக்குப் போய்த் திரும்பினார். ஜீப்பிலிருந்து ஒரு பெரிய மூட்டை இறங்கியது. ஞாயிறு பள்ளிப் பரிசு என்று சொல்லி நேராகக் கோயிலை ஒட்டிய தன் அறைக்கு, வெஸ்ட்ரிக்கு, கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் மறுபடி முழங்கையில் கிழிந்திருக்கிறது. முந்தைய சபையில் யாரோ கொடுத்தது. போன வருஷமே புதிதாக ஒன்று போடவா என்று கேட்டேன். "எனக்கெதுக்கு, மொதல்ல மத்தவங்களுக்குப் போடு" என்றார். எனக்கு இது வேண்டும் என்று இவர் வாயைத் திறந்து என்னிடம் கேட்டு வருஷங்கள் ஆகின்றன. சபையார் இதைத் தியாகம் என்கிறார்கள். கூடவே இருப்பவளுக்கு அது வேறு மாதிரி இருக்கும். ஒட்டுப் போட்டுத் தைத்து வைத்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

பியூலா அக்கா வந்தார். பை நிறைய மெரூன் நூல், நல்ல உயர்ந்த உல்லன். மகனுக்குப் பண்டிகைக்கு முழுக்கை ஸ்வெட்டர் வேண்டுமாம். கையில் ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கிறது என்றேன். "உங்களுக்கென்ன ஆயரம்மா, நேரம் இருக்குது" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை இந்த நோட்டில் ஒருமுறை எழுதினால் போதும்.

நடுவில் தீர்ந்துவிட்டால் இதே நூல் கிடைக்குமா என்று கேட்டதற்கு, தீராது, எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது என்றார். நான் இந்த விஷயத்தில் ஒருமுறை சூடுபட்டவள். முன்பு ஒரு நீல ஸ்வெட்டருக்குக் கை போடும்போது நூல் தீர்ந்து, அதே கடையில் அதே நிறம் கேட்டு வாங்கினேன். சாயம் போடும் ஒவ்வொரு தடவையும் நிறம் ஒரு மயிரிழை மாறும். கடைக்குள் ஒன்றாகத் தெரிந்தது, வெயிலில் அந்தக் கை வேறு யாரிடமோ கடன் வாங்கியது போலத் தெரிந்தது.

டிசம்பர் 5, வியாழன்

மெரூன் முதுகு முடிந்தது. குல்லாய்களும் ஏறக்குறைய ஆகிவிட்டன. ஆட்டுக்குட்டிக்கு வயிறு வந்திருக்கிறது.

நான் உட்காரும் நாற்காலிக்கு மேலே இவர் புதிதாக ஒரு பெரிய பல்பு மாட்டியிருக்கிறார், என் கண் கெட்டுவிடக் கூடாதாம். கூண்டுக்குள் வெளிச்சத்துக்கு மட்டும் குறைவில்லை.

டிசம்பர் 7, சனி

இன்று வயலட் சிஸ்டர். ரிட்டயரான நர்ஸ், பேச்சிலும் நடையிலும் இன்னும் வார்டு வாசனை போகவில்லை. குளிர் நெஞ்சில் இறங்குகிறதாம், கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று வேண்டுமாம். மெரூன் நூல். இந்த வருஷம் எல்லோருக்கும் ஒரே ஆசை போலிருக்கிறது. தனக்குப் பின்னவே வராது, ஊசி பிடித்தால் கை நடுங்கும் என்றார்.

நான் டீ போட உள்ளே போய்த் திரும்பியபோது பியூலா அக்காவின் ஸ்வெட்டர் அவர் மடியில் இருந்தது. மூன்று வரிசைக்குக் கீழே நழுவிப் போயிருந்த ஒரு பின்னல் கண்ணைச் சரசரவென்று தூக்கி ஊசியில் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டு, சும்மா பார்த்தேன் என்றார். பின்ன வராதவருக்கு நல்ல கைதான்.

டிசம்பர் 10, செவ்வாய்

குல்லாய்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாடா என்று உட்கார்ந்தால் பாடகர் குழுத் தலைவர் டென்னிசன் சார் வாசலில் நிற்கிறார். குழுவிலுள்ள ஆண்களுக்கெல்லாம் மஃப்ளர் வேண்டுமாம். என்ன நிறம் என்று நானே கேட்டேன். அவர் கொஞ்சம் சங்கடத்தோடு பையைத் திறந்து காட்டினார்.

முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் இவர் வெஸ்ட்ரியிலிருந்து வந்து, "மஃப்ளர்தானே, சீக்கிரம் ஆயிரும்" என்றார். சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

டிசம்பர் 12, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. பின்னினேன்.

டிசம்பர் 13, வெள்ளி

அக்காவைக் கூப்பிட்டேன். போனை மாமா எடுத்தார். அக்கா மொட்டை மாடியில் ஏணி மேல் நின்று ஸ்டார் கட்டிக்கொண்டிருக்கிறாளாம். அங்கிருந்தே கத்தினாள். "என்னட்டி, இந்தத் தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கனயே இருந்துராத. ஹெலன் ரெண்டு நாளா என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கா." பார்த்து இறங்கு என்றேன்.

போனை வைத்துவிட்டு மேட்டிலேயே நின்றேன். கீழே பனிக்குள் குருமனை, கோயில், கல்லறைத் தோட்டம், சுற்றிலும் தேயிலை. தினமும் பார்ப்பதுதான். இன்றைக்கு ஏனோ மூச்சு முட்டியது. ஒன்றை முடித்தால் ஒன்று வருகிறது. இந்த வேலைகளுக்கெல்லாம் நடுவில் பத்தொன்பதாம் தேதி இருக்கிறது என்பதே சில நேரம் மறந்துபோகிறது. மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு ரூபி பின்வாசலில் நின்றாள். அவள் கணவர் பாக்கியம் கோயிலில் மணி அடிப்பவர். அவள் எனக்கு வீட்டு வேலையில் ஒத்தாசை. முந்தானைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தாள். பாக்கியத்துக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டுமாம்.

பொட்டலத்தைப் பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நூலின் விலை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுச் செலவும் தெரியும். ஏது என்று கேட்டேன். ரூபி தரையைப் பார்த்தாள். "யாரோ குடுத்தாங்கம்மா. முடியலைன்னா வேண்டாங்கம்மா" என்றாள். அவள் ஒருத்திதான் வேண்டாம் என்ற வார்த்தையைச் சொன்னவள். அவளுக்கு எப்படி மறுப்பது? வாங்கி வைத்துக்கொண்டேன். முழுக்கை, அகலமான ஆள். நாலு நாளில் நடக்கிற காரியமா?

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஹெலனிடம் எப்படிச் சொல்வது என்றும்.

டிசம்பர் 17, செவ்வாய்

இன்று வெயில் அடித்தது. இந்த மாதத்தில் முதல் வெயில். விட்டால் பிடிக்க முடியாது என்று எல்லாவற்றையும் அலசி, வெளியே கட்டிலில் வேட்டியை விரித்துக் காயப் போட்டேன். பியூலா அக்கா மகனின் ஸ்வெட்டர், பக்கத்தில் வயலட் சிஸ்டருடையது, அதற்குப் பக்கத்தில் மஃப்ளர்கள், ஓரத்தில் பாக்கியத்தின் முதுகும் முன்பாகமும்.

திருப்பிப் போட வந்தபோது பார்த்தேன். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கட்டில் முழுவதும் ஒரே துணி விரித்த மாதிரி இருந்தது. குனிந்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன், தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

நாலு வீட்டுக்காரர்கள் நாலு நாளில் வாங்கிய நூல் இப்படி இருக்கவே இருக்காது. ஒரே சாயத்தில் முக்கியது, ஒரே ஆள் ஒரே நாளில் வாங்கியது. எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது என்று பியூலா அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய மூட்டையும் ஞாபகம் வந்தது.

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். ரூபி வந்து, என்னம்மா தலை சுற்றுதா என்று கேட்டாள்.

டிசம்பர் 18, புதன்

காலையிலேயே வயலட் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருடைய ஸ்வெட்டரைக் கொடுத்தேன். உங்களுக்கு என்னைவிட நன்றாகப் பின்ன வருமே என்றேன். அவர் மறைக்கவில்லை.

"ஐயாதான் நூலக் குடுத்தாரு. அம்மாவுக்கு மனசு சரியில்ல, கை சும்மா இருந்தா யோசனை அதிகமாகும், ஆளுக்கு ஒண்ணு கேளுங்கன்னாரு. உங்களுக்கு நல்லதுன்னுதானே நாங்க நெனச்சோம்."

ஆகச் சபை முழுக்கத் தெரிந்திருக்கிறது. மனம் சரியில்லாதவளான எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இவர்கள் யாரையும் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். எல்லோரும் அன்பாகத்தான் கூடி நின்று கதவை அடைத்திருக்கிறார்கள்.

வெஸ்ட்ரியில் இவர் பண்டிகைப் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். மேஜை மேல் அந்தக் காகிதங்களின் மீதே ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாவற்றையும் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு ஹெலன் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டாங்க" என்றார். அப்புறம், "நீ போனா இந்தத் தடவ வரமாட்டே" என்றார்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லி, நீ போயிட்டேன்னா?"

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததுதான், ஆனாலும் முழுக்கக் கோபம் இல்லை. ஊர் முழுக்க எல்லோருக்காகவும் முழங்காலில் நின்று கேட்கிற மனுஷர். என்னிடம் ஒன்று கேட்க, நாலு பேர் கையில் நூலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். எழுந்து அலமாரியைத் திறந்தார். மூட்டையின் அடியில் இன்னும் இருந்தது. இது யாருக்கு என்றேன். "இன்னும் யாருகிட்டயும் சொல்லல" என்றார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

பாக்கியத்தின் ஸ்வெட்டரில் ஒரு கை பாக்கி. அதை ஊசியோடு வயலட் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். இனி நடிக்க வேண்டியதில்லை, முடித்துவிடுங்கள் என்றேன். வாங்கிக்கொண்டார்.

ஆட்டுக்குட்டிக்குக் கண் மட்டும் வைக்கவில்லை. உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலைதான். உட்காரவில்லை. விரிப்பை மடித்து, கறுப்பு நூல் கோத்த ஊசியை அதிலேயே குத்தி, இவர் மேஜை மேல் வைத்தேன்.

இவரே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. பஸ் வரும் வரை இருவரும் எதிரேயிருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பாடு ரூபி கொண்டுவருவாள் என்றேன். சரி என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று குனிந்தேன். "குளிரும், கண்ணாடிய எறக்கிக்க" என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. ஜனவரி 2-ஆம் தேதி சேர வேண்டும். அக்கா வீட்டில் அல்வா. இங்கே டிசம்பரிலும் புழுக்கம்.

டிசம்பர் 25, புதன்

காலை ஆராதனைக்கு அக்காவோடு அவர்கள் கோயிலுக்குப் போனேன். ஆயரின் மனைவிக்குரிய முன்வரிசை இல்லாமல், தூண் பக்கத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் உட்கார்ந்தேன். பாடும்போது வாய் விட்டுப் பாடினேன். இவ்வளவு நிம்மதியாக ஒரு பண்டிகையைக் கொண்டாடி நாளாயிற்று. அதை நினைத்ததும் குற்றவுணர்ச்சியும் வந்தது, அதுவும் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் ரூபி கூப்பிட்டாள். முதலில் பாக்கியத்தின் ஸ்வெட்டரைப் பற்றித்தான் பேசினாள். சிஸ்டர் போட்ட கை கொஞ்சம் இறுக்கமாம், மணிக்கயிற்றை இழுக்க இன்றைக்கு அவர் பட்ட பாடு பெரிதாம். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா பீடத்துல ஏறி நின்னாங்கம்மா. கீழ பாத்தாங்க. பாட்டுக்காரங்க அத்தன பேரு கழுத்துலயும் மெரூனு. இந்தப் பக்கம் பியூலாக்கா மகன், அந்தப் பக்கம் சிஸ்டரு, வாசல்ல எங்க வீட்டுக்காரரு. எல்லாம் உங்க கை. ரொம்ப நேரம் பேச்சே வரலைங்கம்மா. பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க. அப்புறம் எல்லாரும் எந்திரிங்க, ஜெபிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

விரிப்பு போட்டார்களா என்று கேட்டேன். போட்டார்களாம். ஆட்டுக்குட்டிக்கு ஐயாவே கண் வைத்தாராம். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருக்கிறதாம், பிள்ளைகள் ஆராதனை முழுக்க அதையே பார்த்துச் சிரித்தார்களாம்.

ஐயா என்ன போட்டிருந்தார் என்று கேட்டேன்.

"அங்கிக்குள்ள அந்தப் பழைய சாம்பக் கலருதாங்கம்மா. கைய விரிச்சு ஆசீர்வாதம் சொல்லும்போது நூலு பிரிஞ்சு தொங்குச்சு."

சாயங்காலம் இவரே கூப்பிட்டார். பண்டிகை வாழ்த்துச் சொன்னார். அக்காவையும் மாமாவையும் விசாரித்தார். வேலை கிடைத்தது என்று சொன்னேன். "சந்தோஷம்" என்றார். அங்கே ரொம்பக் குளிரா என்று கேட்டேன். ஆமாம், இந்த வருஷம் அதிகம்தான் என்றார். வேறு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். இல்லை என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் டென்னிசன் சார் வந்து ஐயா என்று கூப்பிடும் சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தார்.

வெஸ்ட்ரியிலிருந்து எடுத்து வந்த நூல் என் பையில் இருக்கிறது. இன்று வெளியே எடுத்துக் கட்டில் மேல் வைத்துப் பார்த்தேன். முழுக்கை வைத்து ஓர் ஆண் ஸ்வெட்டருக்குத் தாராளமாகக் காணும். அளவு எடுக்க வேண்டியதில்லை, அந்தத் தோளும் கையும் எனக்குத் தெரியும். ஊசியும் இருக்கிறது, விடுமுறையும் இருக்கிறது.

ஒரு கண் கூட ஏற்ற மாட்டேன். கேட்கட்டும்.